பழைய காருக்குப் பழைய சாமான் போடலாமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: பெரியப்பா வைத்திருந்த 1974 மாடல் அம்பாசடர் மார்க் 2 ரொம்ப வருடமாக ஷெட்டில் நிற்கிறது. அதை ஓட வைக்கலாம் என்று இறங்கியிருக்கிறேன். எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன், "புதுப்பேட்டை போய் கழட்டின சாமானா வாங்கிட்டு வாங்க, அதுதான் நிக்கும்" என்கிறார். என் மகன், ஆன்லைனில் புதுசே கிடைக்கும்போது காயலாங்கடைக்கு எதுக்குப் போகணும் என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், ஈரோடு

பதில்: முக்கால்வாசி மெக்கானிக் அண்ணன் பேச்சைக் கேளுங்கள். உத்தரபாரா தொழிற்சாலையில் அம்பாசடர் தயாரிப்பு 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. இப்போது டப்பாவில் "புதுசு" என்று வருவது, அந்தக் காலத்திலேயே செய்து விற்காமல் கிடந்த சரக்காக இருக்கும், இல்லையென்றால் ஏதோ ஒரு பட்டறையில் பழசைப் பார்த்துச் செய்த டூப்ளிகேட்டாக இருக்கும். முதல் வகை இரும்புச் சாமான் கிடைத்தால் ரொம்ப பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள். இரண்டாவது வகையில்தான் சிக்கல். தகடு மெலிசாக இருக்கும், போல்ட் ஓட்டை ஒரு நூல் தள்ளி இருக்கும், டிங்கர் அதை இழுத்துப் பிடித்து மாட்டினால் கதவு இடைவெளி ஒரு பக்கம் அகலமாகவும் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டும் நிற்கும்.

அதனால் கதவு, பானட், பம்பர், கிரில், ஸ்டீயரிங் வீல், மீட்டர், கியர்பாக்ஸ் கூடு, ஆக்ஸில் இதெல்லாம் பழசே மேல். பம்பர் நெளிந்திருந்தாலும் பரவாயில்லை. அந்தக் காலத்துத் தகடு கனமானது, தட்டி நேராக்கி, செம்பு, நிக்கல், அதன்மேல் குரோம் என்று முறையாக முலாம் போட்டால் கடையில் விற்கிற ஸ்டீல் பம்பரெல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. கதவுக் கைப்பிடி மட்டும் விதிவிலக்கு. பழைய கைப்பிடிகள் நிறைய துத்தநாகக் கலவை வார்ப்பு. கொப்புளம் கொப்புளமாகப் பொரிந்திருந்தால் எந்த முலாமும் நிற்காது, அந்தக் குழி உள்ளேயே போயிருக்கும், அதை எடுக்காதீர்கள்.

கதவு வாங்கும்போது பெயின்டைப் பார்த்து மயங்க வேண்டாம். சட்டைப் பையில் ஒரு சின்ன காந்தம் வைத்துக்கொண்டு போய் கீழ் ஓரமாக நகர்த்திப் பாருங்கள், பட்டி கனமாகப் போட்ட இடத்தில் பிடிக்காது. அப்புறம் கதவைக் கவிழ்த்து, அடியில் மழைத்தண்ணீர் வடிகிற சின்ன ஓட்டைகளைப் பாருங்கள். அது மண் அடைத்துக் கிடந்தால் தண்ணீர் உள்ளேயே நின்றிருக்கிறது என்று அர்த்தம், வெளியே பளபளப்பாக இருந்தாலும் மடிப்புக்குள் துரு தின்றிருக்கும்.

உங்கள் மகன் சொல்வது எங்கே சரி என்றால் ரப்பரிலும் பிரேக்கிலும். பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் கிட், லைனிங், ரேடியேட்டர் ஹோஸ், பெட்ரோல் குழாய், ஃபேன் பெல்ட் எல்லாம் புதுசு. "புதுசு" என்றாலும் இருபது வருடம் டப்பாவில் இருந்த ரப்பர் வேண்டாம், அது மாட்டுவதற்கு முன்பே கிழண்டு போயிருக்கும். மாஸ்டர் சிலிண்டர் உடம்பு பழசாக இருக்கலாம், ஆனால் உள்துளையை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். துருப் புள்ளி இருந்தால் புது கிட் போட்டும் ஒழுகும், லேத்தில் கொடுத்து உள்ளே ஸ்லீவ் என்கிற மெல்லிய குழாய் போட்டால்தான் உருப்படும். பிரேக் டிரம் பழசு வாங்கினால் ஒரே ஆக்ஸிலுக்கு இரண்டாக வாங்கி, உள் அளவு இரண்டும் ஒன்றாக வரும்படி கடைந்துகொள்ளுங்கள். அளவு வேறாக இருந்தால் பிரேக் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

---

கேள்வி: பழைய டயர் நல்ல பட்டனோடு (மேல் ரப்பர் தேயாமல்) குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. காட்சிக்கு வைக்கிற வண்டிதானே, போடலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: காட்சிக்கு மட்டும் என்றால் போடுங்கள், ஓட்டுவதென்றால் வேண்டாம். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 3218 என்றால் 2018-இல் 32-ஆவது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் ரப்பருக்கு வயது இருக்கிறது. சீட் பெல்ட்டும் அப்படித்தான், மோதின வண்டியிலிருந்து கழட்டினதா என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

---

கேள்வி: பிரீமியர் பத்மினிக்கு ஒரு முழு எஞ்சின் வருகிறது, மும்பையில் டாக்ஸியாக ஓடிய வண்டியாம். "ஓடுற கண்டிஷன்" என்கிறார் விற்பவர். என் வண்டி எஞ்சின் புகை தள்ளுகிறது, அப்படியே இறக்கி மாற்றிவிடலாமா?
– வாசகர், கோவை

பதில்: மும்பையில் கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபர் இறுதியில் ஓய்வு பெற்றது. அதற்கு முன்பே வருடக்கணக்காக அந்த டாக்ஸிகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டு சாமான் நாடு முழுக்கப் போனது, ஆக நீங்கள் சொல்கிற கதை பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் டாக்ஸி என்றால் எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியது என்று கடவுளுக்குத்தான் தெரியும். அதோடு அங்கே நிறைய வண்டிகள் சி.என்.ஜி.க்கு மாறியவை. கேஸில் ஓடின பழைய எஞ்சினில் வால்வு சீட் சீக்கிரம் தேய்ந்து இறங்கிப் போகும். ஸ்டார்ட் பண்ணிக் காட்டினால் நன்றாகத்தான் ஓடும்.

ஹெட்டைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள், வேறு எதுவும் கேட்க வேண்டாம். கழட்டினால் பிஸ்டன் தலையில் கரியைத் துணியால் துடைத்துப் பாருங்கள், ஏற்கெனவே போர் அடித்த, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கிய எஞ்சின் என்றால் பெரும்பாலும் ஓவர்சைஸ் எண் (பிஸ்டன் எவ்வளவு பெரிது என்ற அளவு) குத்தியிருக்கும். எண் பெரிதாக ஆக, அந்த பிளாக்கில் இனி கடைய இடம் குறைவு. கடைசி ஓவர்சைஸ் வரை வந்துவிட்டதென்றால் அடுத்து சிலிண்டருக்குள் புதுக் குழாய் இறக்குகிற லைனர்தான். வால்வு சீட்டையும் அப்போதே பார்த்துவிடலாம். ஹெட்டின் அடிப்பக்கத்தில் ஒரு நேரான ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வளைந்திருக்கிறதா என்று தெரியும்.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த எஞ்சினை அப்படியே மாற்ற மாட்டேன். எஞ்சின் மாற்றுவதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, புது எஞ்சின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு. அதற்கு அந்த எஞ்சின் வந்த வண்டியின் ஆர்.சி. ரத்தான கடிதம், எஞ்சின் எண் போட்ட பில் எல்லாம் கேட்பார்கள், காயலாங்கடையில் அது கிடைத்தால் அதிர்ஷ்டம். திருட்டு வண்டி எஞ்சினாக இருந்துவிட்டால் அலைச்சல் உங்களுக்குத்தான். உங்கள் சொந்த பிளாக்கில் வெடிப்பு இல்லையென்றால் அதற்கே லைனர் அடித்து ஸ்டாண்டர்ட் பிஸ்டன் போடுங்கள். வருகிற எஞ்சின் மலிவாக வந்தால் கிராங்க், கேம், ஹெட், கார்புரேட்டர் என்று உள்சாமானுக்காகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். எண் மாறாது, வண்டியின் சரித்திரமும் மாறாது. 1089 சி.சி. எஞ்சின் ஒன்றும் ராக்கெட் இல்லை, நல்ல லேத் பட்டறைக்குப் பழக்கமான வேலை.

---

கேள்வி: ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நான்கு கதவு வண்டி. முன்சக்கரம் ஆடுகிறது. பழைய வெர்ட்டிகல் லிங்க் (முன்சக்கரத்தைத் தாங்குகிற நிமிர்ந்த இரும்பு) ஒரு ஜோடி இருக்கிறது என்கிறார்கள், வாங்கவா?
– வாசகர், தாம்பரம்

பதில்: உங்கள் ஊர்ப் பக்கத்தில், வண்டலூர் – பெருங்களத்தூர் பக்கம் செய்த வண்டி என்பதால் எனக்கும் அதன்மேல் ஒரு பாசம். ஹெரால்டுக்குப் பழைய சாமான் பொதுவாக ரொம்ப வசதி. தனி சேசிஸ் மேல் பாடியை போல்ட் போட்டு உட்கார வைத்த வண்டி, மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்கிற அந்தப் பெரிய பானட்டையே முழுசாகக் கழட்டி மாட்டிவிடலாம். கதவு மட்டும் இரண்டு கதவு வண்டியுடையது உங்களுக்குச் சேராது.

ஆனால் நீங்கள் கேட்டது அந்த வண்டியிலேயே ஆபத்தான சாமான். அந்த லிங்க்கின் அடிமுனை மரையோடு டிரனியன் என்கிற பித்தளைத் தாங்கிக்குள் இறங்கியிருக்கும், ஸ்டீயரிங் திருப்பும்போது சக்கரம் அந்த மரையில்தான் சுழல்கிறது. அதற்குப் போட வேண்டியது இ.பி. 90 கியர் ஆயில். நம் ஊர் சர்வீஸ் ஸ்டேஷன்களில் நிப்பிளைப் பார்த்தாலே கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் கெட்டிப்பட்டு அடைத்துக்கொண்டு, தண்ணீர் தேங்கி, மரை தொடங்கும் இடத்தில் துரு குழி விழும். ஒரு நாள் அங்கேயே முறிந்து சக்கரம் வெளியே மடங்கி விழும்.

புதுசு கிடைத்தால் புதுசு. டிரனியன் கட்டாயம் புதுசு. ஹெரால்டு வம்சத்து ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் 1980 வரை வந்ததால் இங்கிலாந்தில் இன்னும் செய்து விற்கிறார்கள், இடது வலது மரை திசை வேறு என்பதால் பார்த்து ஆர்டர் போடுங்கள். பழைய லிங்க்தான் என்றால் டிரனியனைக் கழட்டி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வெடிப்பு காட்டும் சிவப்பு மை அடித்துப் பார்த்த பிறகே. மரைக்கு மேல் நகம் தட்டுகிற மாதிரி ஒரு குழி இருந்தாலும் அது இரும்பு விலைக்குத்தான்.

---

கேள்வி: பழைய சாமான் போட்டால் விண்டேஜ் பதிவு கிடைக்குமா?
– வாசகர், மதுரை

பதில்: 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. பதிவு எண்ணில் வி.ஏ. என்று வரும், முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்பதுதான் முக்கிய நிபந்தனை. அதே மாடலின் பழைய சாமான் போட்டு வைத்திருந்தால் உங்கள் கட்சிக்குத்தான் பலம், மைலேஜுக்காக வேறு டீசல் எஞ்சின் இறக்கியிருந்தால் வாயைத் திறக்காதீர்கள். இன்னொன்று, அந்தப் பதிவில் தினமும் ஆபீஸ் போய்வர முடியாது, கண்காட்சி, ரேலி, சர்வீஸ், பெட்ரோல் என்று போய் வரத்தான் அனுமதி.

---

கேள்வி: பழைய லூகாஸ் டைனமோ வாங்கி மாட்டினேன், சார்ஜ் ஏறவில்லை. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், காரைக்குடி

பதில்: இன்னும் தெரியாது. அந்தக் காலத்து வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் இணைந்திருக்கும், டைனமோ அப்படி ஒரு வண்டியிலிருந்து வந்திருக்கலாம், அல்லது ரொம்ப நாள் கிடந்ததில் காந்தம் போயிருக்கலாம். டைனமோவின் இரண்டு ஒயரையும் கழட்டிவிட்டு, பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு ஒயரை எடுத்து எஃப் என்று போட்ட சின்ன முனையில் இரண்டு மூன்று தடவை லேசாகத் தொட்டு எடுங்கள். கொஞ்சம் பொறி வரும், பயப்பட வேண்டாம். ஒயர்களை மாட்டி ஓட்டிப் பாருங்கள். அப்புறமும் ஏறவில்லையென்றால் கார்பன் பிரஷ், அதுவும் சரியாக இருந்தால் டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கிற கட்அவுட், அதன் பிறகுதான் கடைக்காரரோடு சண்டை.