எவர்சில்வர் சம்படத்தில் சுருட்டு வைக்கலாமா?

பத்துப் பதினைந்து சுருட்டுதான் வைத்திருக்கிறேன். அதற்காக ஹியூமிடார் (சுருட்டை ஈரம் காத்து வைக்கும் பெட்டி) வாங்க வேண்டுமா? வீட்டில் எவர்சில்வர் சம்படம் இருக்கிறது. (மயிலாப்பூர்)

ஹியூமிடார் வேண்டாம், சம்படமும் வேண்டாம். எவர்சில்வரில் குறை ஒன்றுமில்லை, மூடிதான் காற்றை விடும். ரப்பர் வளையம் வைத்து நாலு பக்கமும் கிளிப் போட்டு மூடுகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்குங்கள். சோப்புப் போட்டுக் கழுவி, வாசனை துளியும் இல்லாமல் போகும்வரை திறந்து காயவிட்டு, உள்ளே 65 சதவீத போவேடா பாக்கெட் (டப்பாவுக்குள் காற்றின் ஈரத்தை 65 சதவீதத்தில் நிறுத்தும் சின்னப் பை) ஒன்றைப் போடுங்கள். 60 கிராம் பாக்கெட் ஒன்று இருபத்தைந்து சுருட்டுக்குத் தாங்கும். பஞ்சில் தண்ணீர் ஊற்றி வைக்கும் பழைய முறை உங்கள் ஊருக்கு ஆகாது. பஞ்சு ஈரத்தைக் கொடுக்கத்தான் செய்யும், திரும்ப எடுக்காது. சென்னையில் பாதி நாள் எடுக்கிற வேலைதான் இருக்கிறது. பாக்கெட் இரண்டையும் செய்யும். வாரம் ஒரு முறை ஒரு நிமிடம் திறந்து மூடினால் போதும்.

பரிசாக வந்த மர ஹியூமிடார். ஈரம் காட்டும் முள் எப்போதும் 70-இல்தான் நிற்கிறது, ஆனால் சுருட்டு காய்ந்து மேல் இலை வெடிக்கிறது. சுருட்டு மட்டமா? (கோவை)

சுருட்டைத் திட்டாதீர்கள். கண்ணாடி மூடி, பளபளக்கும் வார்னிஷ், முன்னால் பித்தளை வளையத்தில் ஒரு முள் மீட்டர் என்று வரும் இந்தப் பரிசுப் பெட்டிகளைப் பற்றி நான் எத்தனை முறை எழுதினாலும் யாராவது யாருக்காவது வாங்கிக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். அந்த முள் பெரும்பாலும் அலங்காரம். பத்து, பதினைந்து சதவீதம் தப்பாகக் காட்டுவது சர்வசாதாரணம், சிலது நகரவே நகராது. எப்போது பார்த்தாலும் 70 காட்டுகிற மீட்டரை நம்பலாமா? ஒரு சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் (காற்றின் ஈரத்தை அளக்கும் மீட்டர்) வாங்குங்கள், அதையும் அப்படியே நம்பாமல் உப்புச் சோதனை செய்யுங்கள். பாட்டில் மூடி நிறைய சமையல் உப்பு, சில சொட்டுத் தண்ணீர், ஈர மணல் மாதிரி ஆனால் போதும், கரைந்து ஓடக் கூடாது. அதையும் மீட்டரையும் ஜிப்லாக் கவரில் போட்டு மூடி ஓர் இரவு முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் கவரைத் திறக்காமல் பார்த்தால் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மீட்டர் 5 குறைவாகச் சொல்கிறது, எழுதி அடியில் ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது பெட்டி. புது மரம் காய்ந்த மரம், சுருட்டில் இருக்கும் ஈரத்தை அதுதான் முதலில் குடிக்கும். சுருட்டை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, 84 சதவீத பாக்கெட்டுகளைப் போட்டு இரண்டு வாரம் மூடி வையுங்கள். ஈரத் துணியால் துடைக்கும் குறுக்கு வழி வேண்டாம், பலகை வளையும். அப்புறம், இருட்டு அறையில் உள்ளே டார்ச்சை எரியவிட்டு மூடிப் பாருங்கள். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் அந்தப் பெட்டியில் பேனா வைத்துக்கொள்ளுங்கள், சுருட்டு பிளாஸ்டிக் டப்பாவுக்குப் போகட்டும். உள்ளே இருக்கும் ஸ்பானிஷ் சீடர் மரத் தட்டை மட்டும் கழற்றி டப்பாவுக்குள் போடலாம், வாசனை நல்லது.

ஃபிரிட்ஜில் வைத்தால்? (மதுரை)

கூடாது. இன்றைய ஃபிரிட்ஜ் ஈரத்தை உறிஞ்சும், நேற்றைய சாம்பார் வாசனையைச் சுருட்டுக்குக் கொடுக்கும்.

சுருட்டில் குண்டூசி குத்தியதுபோல் ஓட்டைகள். (புதுச்சேரி)

புகையிலை வண்டு. முட்டை இலையிலேயே இருந்திருக்கும், சூடு 25 டிகிரியைத் தாண்டினால் பொரிக்கும். ஓட்டை விழுந்ததைத் தூக்கிப் போடுங்கள். மற்றதை இரண்டு ஜிப்லாக் கவருக்குள் காற்றைப் பிதுக்கி மூடி, ஃபிரிட்ஜில் ஒரு நாள், ஃப்ரீசரில் மூன்று நாள், மறுபடி ஃபிரிட்ஜில் ஒரு நாள், பிறகு வெளியே. அவசரப்பட்டு நேராக ஃப்ரீசரில் போட்டு நேராக வெளியே எடுத்தால் மேல் இலை வெடிக்கும். ஏசி இல்லாத வீடு என்றால் 65-க்குப் பதில் 62 பாக்கெட் போடுங்கள், டப்பாவைத் தரையோடு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை வேண்டவே வேண்டாம்.

காய்ந்த சுருட்டை இட்லிப் பானை ஆவியில் காட்டினேன், வெடித்துவிட்டது. வேறு வழி உண்டா? (சேலம்)

வெடிக்காமல் என்ன செய்யும்? மேல் இலை உடனே ஊறும், உள் இலை ஊற நாளாகும், அதனால்தான் வெடிப்பு. மிச்சம் இருப்பதை 62 பாக்கெட்டோடு இரண்டு வாரம், 65 பாக்கெட்டோடு இரண்டு வாரம் வையுங்கள், வேண்டுமானால் அப்புறம் 69. எண்ணெய் போன சுருட்டுக்குப் பழைய ருசி முழுக்க வராது.

சுருட்டு ஒரு பக்கமாகவே எரிகிறது, ஏன்?

ஊர் இல்லை, டப்பா எது என்று இல்லை, எத்தனை சதவீதம் என்றும் இல்லை. ஜோசியம் எனக்குத் தெரியாது. ஈரம் அதிகம் என்று வைத்துக்கொண்டு 65-க்கு இறக்கிப் பாருங்கள், மீட்டருக்கு உப்புச் சோதனை செய்த பிறகு.

குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் பாக்கெட் ஒரே மாதத்தில் கல்லாகிவிடுகிறது. (டொரண்டோ)

ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்றின் ஈரம் 30-க்கும் கீழே போகும். அங்கே 69 போடலாம், ஒன்றுக்கு இரண்டாக. ஒரே மாதம் என்றால் மூடி கசிகிறது, டப்பாவை மாற்றுங்கள்.

உறையூர்ச் சுருட்டையும் கியூபாச் சுருட்டையும் ஒன்றாக வைக்கலாமா? (திருச்சி)

தனித்தனி டப்பா. நாட்டுச் சுருட்டின் வாடை பக்கத்தில் இருப்பதை எல்லாம் பிடித்துக்கொள்ளும். வனிலா போட்ட சுருட்டுக்கும் இதே சட்டம்தான்.

மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. நல்ல பழுத்த சுருட்டின் அடையாளம் என்கிறார் கடைக்காரர். (பெங்களூரு)

அவரிடம் விற்காத சரக்கு நிறைய இருக்கிறது போல. அது பூஞ்சை. லேசாக மேலே மட்டும் என்றால் துடைத்துவிட்டுப் பிரித்து வையுங்கள், பிடிக்கும் முனையில் இருந்தாலோ பச்சையாக இருந்தாலோ குப்பைத் தொட்டி.

சரியான ஈரத்தில் வைத்தால் உடம்புக்குக் கெடுதல் குறையுமா? (நெல்லை)

குறையாது.

செலோஃபேன் உறையைக் கழற்ற வேண்டுமா? (துபாய்)

உங்கள் இஷ்டம். அது ஈரத்தை மெதுவாக விடும், அடைக்காது. வண்டு வந்தால் பக்கத்துச் சுருட்டுக்குப் பரவுவதையும் கொஞ்சம் தாமதப்படுத்தும் என்பதால் நான் கழற்றுவதில்லை.