சிவந்து வரும் ஒளி: வாசகர் கேள்வி – பதில்

சிவப்பாகத் தெரியும் நட்சத்திரங்கள் எல்லாம் நம்மை விட்டு விலகிப் போகின்றன என்று கொள்ளலாமா?
– பத்தாம் வகுப்பு மாணவி, கோவில்பட்டி

கூடாது. திருவாதிரை சிவப்பாக இருப்பதற்குக் காரணம் அதன் வெப்பநிலை. மேற்பரப்பு சுமார் 3,500 கெல்வின்தான், அதனால் சிவப்பு. செம்பெயர்ச்சியை, அதாவது ஒளியின் அலைநீளம் நீண்டு சிவப்புப் பக்கம் நகர்வதை, கண்ணுக்குத் தெரியும் நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. நிறமாலையில், அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையில், கோடுகள் எந்த இடத்தில் விழுகின்றன என்று அளக்க வேண்டும்.

ஹைட்ரஜனின் மூன்று கோடுகள் ஆய்வகத்தில் 656.3, 486.1, 434.0 நானோமீட்டரில் இருக்கும். கன்னி ராசியில் 13-ஆம் மேக்னிட்யூட் அளவில் (மேக்னிட்யூட் என்பது பிரகாச அளவு, எண் கூடினால் மங்கல்), சாதாரண நட்சத்திரம் போலத் தெரியும் '3சி 273' என்ற குவாசாரில் (தொலைவில் உள்ள ஒரு திரளின் மிகப் பிரகாசமான மையம்) நடுக்கோடு 562.9-ல் விழுகிறது. வந்த அலைநீளத்தில் ஆய்வக அலைநீளத்தைக் கழித்து, மிச்சத்தை ஆய்வக அலைநீளத்தால் வகுத்தால் 0.158. இதுதான் செம்பெயர்ச்சி எண். வானியலில் 'இசட்' என்பார்கள். 1963-ல் வானியலாளர் மார்ட்டன் ஷ்மிட் கண்டுபிடித்தது இதைத்தான்.

இது ஹைட்ரஜன் கோடுதான் என்று எப்படித் தெரியும்? விகிதத்தை வைத்து. 486.1-ஐ 434.0-ஆல் வகுத்தால் 1.12. செம்பெயர்ச்சி எல்லாக் கோடுகளையும் ஒரே மடங்கு இழுப்பதால் இந்த விகிதம் மாறாது. ஒரே ஒரு கோடு மட்டும் கிடைத்து, அதை வைத்து இசட் சொல்லியிருந்தால் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

ரயில் ஹாரன் விலகிப்போகும்போது சத்தம் கனத்துக் கேட்பது போலத்தான் இதுவும் என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். சரியா?
– இளங்கலை இயற்பியல் மாணவர், தஞ்சாவூர்

பக்கத்து விண்மீன் திரள்களுக்குச் சரி. தொலைவுக்குப் போகப் போக அந்த உவமை வழிதவறச் செய்யும். இசட் 2 உள்ள ஒரு திரளுக்கு, ஒளியின் வேகத்தை இசட்டால் பெருக்கினால் நொடிக்கு 6 லட்சம் கி.மீ. வரும், 'ஒளியை விட வேகமா?' என்று பதறுவோம். தவறு அந்தப் பெருக்கலில் இருக்கிறது.

இசட்டுடன் 1-ஐக் கூட்டுங்கள். அந்த ஒளி கிளம்பிய நாளிலிருந்து பிரபஞ்சம் எத்தனை மடங்கு விரிந்திருக்கிறது என்பதே அந்த எண். இசட் 2 என்றால் மூன்று மடங்கு. அவ்வளவுதான், அதில் வேகம் எதுவும் இல்லை. பிரபஞ்சம் முழுவதும் நிறைந்திருக்கும் நுண்ணலைப் பின்னணி என்ற ஆதி ஒளி சுமார் 3,000 கெல்வினில் கிளம்பியது. சுமார் 1,090 மடங்கு இழுபட்டு இன்று 2.725 கெல்வினாக நம்மிடம் வருகிறது.

விரிவது திரள்களுக்கு இடையிலுள்ள வெளி. ஈர்ப்பாலோ மின்விசையாலோ கட்டுண்ட எதுவும் விரிவதில்லை: அணுவும் இல்லை, பூமியும் இல்லை, நம் பால்வழியும் இல்லை. ஆண்ட்ரோமீடா நம்மை நோக்கியே வருகிறது. 1912-ல் வானியலாளர் வெஸ்டோ ஸ்லைஃபர் அளந்தபோது நொடிக்குச் சுமார் 300 கி.மீ. வந்தது. அதில் பெரும்பங்கு பால்வழியைச் சுற்றும் நம் சூரியனின் ஓட்டம். அதைக் கழித்தால் மிஞ்சுவது சுமார் 110. இப்படிச் சில நூறு கி.மீ. சொந்த ஓட்டம் எல்லாத் திரளுக்கும் உண்டு. அதனால் இசட் 0.01-க்குக் கீழே செம்பெயர்ச்சியை மட்டும் வைத்துத் தொலைவு சொன்னால் 10 சதவீதப் பிழை சர்வசாதாரணம்.

தொலைவில் உள்ள திரள் அதிக வேகமாக விலகுகிறது என்றால் விரிவு முடுக்கம் பெறுகிறது என்றுதானே அர்த்தம்? இதற்கு எதற்கு 1998 வரை காத்திருக்க வேண்டும்?
– ஓய்வுபெற்ற பொறியாளர், ஈரோடு

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. சீரான வேகத்தில் விரியும் பிரபஞ்சத்திலும், வேகம் குறைந்துவரும் பிரபஞ்சத்திலும்கூடத் தொலைவில் உள்ளது அதிக வேகமாகத்தான் விலகும். உப்பிவரும் கேக்கில் பதித்த திராட்சை போல எல்லா இடைவெளியும் ஒரே விகிதத்தில் பெருகினால், இரண்டு மடங்கு இடைவெளி இரண்டு மடங்கு கூடும். வானியலாளர்கள் லெமேத்ர் 1927-லும் ஹபிள் 1929-லும் சொன்னது இந்த நேர்விகிதத்தை மட்டும்தான். முடுக்கம் உண்டா இல்லையா என்பதற்கு அதில் விடையில்லை.

முடுக்கத்தை அறிய இரண்டு தனித்தனி அளவுகள் வேண்டும். எத்தனை மடங்கு விரிந்தது என்பதைச் செம்பெயர்ச்சி தரும். அப்படி விரிய எவ்வளவு காலம் பிடித்தது என்பதைத் தொலைவு தரும்.

இசட் 0.5 உள்ள ஒரு சூப்பர்நோவாவை, அதாவது வெடிக்கும் நட்சத்திரத்தை, எடுத்துக்கொள்வோம். அது வெடித்தபோது பிரபஞ்சம் இன்றைய அளவில் மூன்றில் இரண்டு பங்கு. இன்றைய விரிவு வேகத்தை மெகாபார்செக்குக்கு நொடிக்கு 70 கி.மீ. என்று வைப்போம், ஒரு மெகாபார்செக் சுமார் 32 லட்சத்து 60 ஆயிரம் ஒளியாண்டு. பிரபஞ்சம் தட்டையாக (வெளி வளைவின்றி), பொருளால் மட்டும் நிரம்பி இருந்தால் ஈர்ப்பு பிரேக் போட்டுக்கொண்டே வந்திருக்கும். அதாவது முன்பு வேகம் அதிகம். அந்த மூன்றில் இரண்டிலிருந்து இன்றைய அளவுக்கு வர 420 கோடி ஆண்டு போதும். 30 சதவீதம் பொருள், 70 சதவீதம் விரிவை முடுக்கும் இருண்ட ஆற்றல் என்று கணக்கிட்டால் 500 கோடி ஆண்டு ஆகும். அதே மடங்கு விரிய அதிகக் காலம் பிடித்திருந்தால் முன்பு விரிவு மெதுவாக இருந்தது, பிறகு வேகம் கூடியது என்று பொருள். ஒளி அதிகக் காலம் பயணித்திருந்தால் தொலைவும் அதிகம். சூப்பர்நோவா எதிர்பார்த்ததை விட மங்கலாகத் தெரியும்.

1998-ல் சால் பெர்ல்மட்டர் குழுவும், பிரையன் ஷ்மிட்–ஆடம் ரீஸ் குழுவும் பார்த்தது அந்த மங்கலைத்தான். பொருள் குறைவாக உள்ள பிரபஞ்சத்துக்கான கணக்கை விடவும் சுமார் 0.25 மேக்னிட்யூட் மங்கல். 100 ஃபோட்டான் (ஒளித்துகள்) வர வேண்டிய இடத்தில் 80 வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் இவ்வளவு சிறியது என்பதால்தான் அத்தனை காலம் ஆயிற்று. மூவருக்கும் 2011-ல் நோபல் பரிசு.

இன்னொன்று: முடுக்கம் இருந்தும் ஹபிள் எண், அதாவது மேலே 70 என்று வைத்த விகிதம், குறைந்துகொண்டுதான் வருகிறது. 70 என்று தொடங்கிய மேற்படிக் கணக்கில் அது எதிர்காலத்தில் 55-க்கும் 60-க்கும் இடையே போய் நிலைக்கும். குறிப்பிட்ட ஒரு திரள் விலகும் வேகம் கூடும். ஒரு மெகாபார்செக்குக்கு இத்தனை என்ற விகிதம் குறையும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மங்கலுக்குக் காரணம் தூசியாக இருக்கலாமே? எல்லா சூப்பர்நோவாவும் ஒரே பிரகாசம் என்று யார் சொன்னது?
– வாசகர், மதுரை

ஒரே பிரகாசம் இல்லை. இந்தக் கணக்குகளுக்குப் பயன்படும் 1ஏ வகை சூப்பர்நோவா என்பது வெண்குள்ளன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய நட்சத்திரம்) ஒன்று வெடிப்பது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது போட்ட கணக்கிலிருந்து பிறந்த, வெண்குள்ளன் தாங்கக்கூடிய நிறையின் வரம்பு, சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு நிறை, இங்கே அடிப்படை. ஆனால் எல்லாமே அந்த வரம்பைத் தொட்டுத்தான் வெடிக்கின்றன என்பதில்லை. இரண்டு வெண்குள்ளன்கள் மோதியும் வெடிக்கலாம். மெதுவாக மங்குவது உண்மையில் அதிகப் பிரகாசமானது என்று 1993-ல் வானியலாளர் மார்க் ஃபிலிப்ஸ் காட்டினார். அந்தத் திருத்தத்தைப் போட்ட பிறகு சிதறல் 0.15 மேக்னிட்யூட் அளவுக்குச் சுருங்குகிறது. தொலைவில் அது ஏழு சதவீதப் பிழை.

ஃபில்டரிலும் கவனம் வேண்டும். 440 நானோமீட்டர் நீல ஒளி இசட் 0.5-லிருந்து 660-ல் சிவப்பாக வந்து சேரும். பக்கத்து சூப்பர்நோவாவை நீல ஃபில்டரிலும் இதைச் சிவப்பு ஃபில்டரிலும் அளந்துதான் ஒப்பிட வேண்டும்.

சாதாரணத் தூசி ஒளியைச் சிவப்பாக்கும், அந்திச் சூரியன் போல. இரண்டு ஃபில்டரில் அளந்தால் மாட்டிக்கொள்ளும். நிறம் மாற்றாத 'சாம்பல் தூசி' இருந்தால்? தொலைவு கூடக் கூட மங்கலும் கூடிக்கொண்டே போக வேண்டும். இசட் 1-க்கு மேல் பார்த்தபோது அப்படி நடக்கவில்லை. அந்தக் காலத்தில் விரிவு உண்மையிலேயே வேகம் குறைந்துகொண்டிருந்ததற்கான அடையாளமே கிடைத்தது. முடுக்கம் தொடங்கிச் சுமார் 600 கோடி ஆண்டுதான் ஆகிறது.

வழியில் ஒளி 'களைத்து' சிவக்கிறது என்ற பழைய வாதத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. அருகே 20 நாளில் நடக்கும் மாற்றம் இசட் 0.5-ல் 30 நாள் எடுக்கிறது. களைப்பு நிறத்தை மாற்றலாம், காலண்டரை மாற்றாது.

முடுக்கமே பொய் என்றும், குறைந்துவருகிறது என்றும் செய்திகள் வருகின்றனவே?
– வாசகி, புதுச்சேரி

இரண்டும் வேறு வேறு. நம் பால்வழியும் சுற்றியுள்ள திரள்களும் சேர்ந்து போகும் பெரும் ஓட்டத்தால் ஏற்படும் தோற்றம்தான் முடுக்கம் என்பது ஆக்ஸ்ஃபோர்டின் சுபீர் சர்க்கார் போன்ற சிலரின் வாதம். சூப்பர்நோவா மட்டுமே சாட்சி என்றால் அதற்கு வலு அதிகம். ஆனால் நுண்ணலைப் பின்னணியும் திரள்களின் பரவலும் தனித்தனியாக அதே விடையைத் தருவதால் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அரிசோனாவின் கிட் பீக்கில் உள்ள, திரள்களின் செம்பெயர்ச்சியை அளக்கும் டெசி கருவி 2024, 2025-ல் தந்த முடிவுகள் சொல்வது வேறு: இருண்ட ஆற்றல் மாறாத ஒன்றல்ல, வலு குறைந்துவரலாம். இது குறிப்பு மட்டுமே, கண்டுபிடிப்பு என்று சொல்லும் தரத்தை இன்னும் எட்டவில்லை.

எட்டு அங்குலத் தொலைநோக்கி இருக்கிறது. செம்பெயர்ச்சியை நானே அளக்க முடியுமா?
– வாசகர், கோவை

முடியும், மேலே சொன்ன 3சி 273-ஐயே எடுங்கள். பிப்ரவரியிலிருந்து மே வரை கன்னி ராசி வசதியாக இருக்கும். மில்லிமீட்டருக்கு 100 கோடு கொண்ட, 1.25 அங்குல ஃபில்டர் வளையத்தில் வரும் கிரேட்டிங் (ஒளியை நிறமாலையாகப் பிரிக்கும் கண்ணாடி) ஒன்று, கருப்பு–வெள்ளை கேமரா ஒன்று, வானத்தைத் தொடரும் மோட்டார் ஏற்றம். கிரேட்டிங்குக்கும் சென்சாருக்கும் 40 மி.மீ. இடைவெளி, பிக்சல் 4 மைக்ரான் என்றால் ஒரு பிக்சலுக்கு ஒரு நானோமீட்டர். கணக்கு சுலபம்.

முதலில் உத்திரம் நட்சத்திரத்தைப் படமெடுத்து அதன் கருமையான ஹைட்ரஜன் கோடுகளை வைத்து அளவுகோலைச் சரிசெய்யுங்கள். பிறகு கிரேட்டிங்கைத் தொடாமல் குவாசாருக்குத் திரும்பி, 30 நொடி வீதம் 60 படம் எடுத்து அடுக்குங்கள். புள்ளியாகத் தெரியும் பிம்பத்துக்கு ஃபோகஸ் வைத்தால் நிறமாலை மங்கிவிடும். நிறமாலையிலேயே ஃபோகஸ் வையுங்கள். பக்கத்து நட்சத்திரத்தின் பட்டை மேலே விழுந்தால் கிரேட்டிங்கைச் சற்றுத் திருப்பி, உத்திரத்தையும் மறுபடி எடுக்க வேண்டும்.

503-லும் 563-லும் இரண்டு அகலமான மேடுகள் தெரிய வேண்டும். 656.3 கோட்டைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அது 760-க்கு இழுபட்டு, சரியாக நம் காற்றின் ஆக்ஸிஜன் ஒளியை விழுங்கும் பட்டையின் மேலே போய் உட்காருகிறது. கலர் கேமராவாக இருந்தால் உள்ளே உள்ள அகச்சிவப்புத் தடுப்பு ஃபில்டரும் அதை வெட்டிவிடும். உங்களுக்கு இசட் 0.15-க்கும் 0.17-க்கும் இடையே வந்தால் நல்ல அளவீடு. அந்த ஒளி கிளம்பி ஏறக்குறைய 200 கோடி ஆண்டு ஆகிறது.