உப்புக்காற்றில் பழைய சேஸ்: கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி பக்கம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் சேஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், துருப்பிடிப்பதைப் பற்றிக் கேட்டவற்றுக்கு மொத்தமாகப் பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். இன்ஜின், கார்புரேட்டர் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். சேஸ் போனால் நல்ல இன்ஜினை வைத்து என்ன செய்வது?

லாஸ்பேட்டையிலிருந்து: அண்ணா, ஒரு டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் விலைக்கு வந்திருக்கிறது. பெயின்ட் பளபளவென்று இருக்கிறது. சேஸ் நல்ல நிலையில் இருப்பதாகச் சொல்கிறார்கள். எதை வைத்து நம்புவது?

பெயின்ட்டைப் பார்த்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள் தம்பி. ஒரு காந்தம், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு சின்னச் சுத்தியல், போனில் மாட்டும் குட்டிக் கேமரா, இவற்றை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். நல்ல தகடு தட்டினால் 'டங்' என்னும். உள்ளே அரித்த தகடு 'டொப்' என்று அடங்கிப்போகும். காந்தம் ஒட்டாத இடத்தில் இருப்பது தகடு இல்லை, பெயின்ட்டுக்கு அடியில் ஓட்டையை மூடும் பட்டி.

ஸ்பிட்ஃபயருக்கு நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு சேஸ்தான். ஓரத்து ரெயில்கள் கிடையாது. அதனால் கதவுக்குக் கீழே ஓடும் சில்களும் பாரம் தாங்குகின்றன. வண்டியின் முன்பக்கம், பின்பக்கம் என்று மாற்றி மாற்றி ஜாக்கி போட்டுத் தூக்கிக் கதவு இடைவெளியைக் கவனியுங்கள். இடைவெளி மேலே குறுகி, கதவு இழுத்துப் பிடித்தால் சில் போய்விட்டது என்று அர்த்தம். அடுத்து, சீட்டுக்குப் பின்னால் ரேடியஸ் ஆர்ம், அதாவது பின்சக்கரத்தை நேராகப் பிடித்து வைக்கும் கம்பி, மாட்டும் இடம். இந்த வண்டியில் அது பாடித் தகட்டில்தான் மாட்டியிருக்கும். அங்கே துரு இருந்தால் பின்சக்கரம் நேராக நிற்காது. விலையில் பெரிதாகக் குறைத்தால் ஒழிய வாங்காதீர்கள்.

மஞ்சக்குப்பத்திலிருந்து: சார், எங்களிடம் இருப்பது தாத்தாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஸ்போர்ட்ஸ் கார் இல்லையே, இங்கே கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். 1962இல் வந்த ஸ்பிட்ஃபயரே, 1959இல் வந்த ஹெரால்டின் சேஸைக் குறுக்கிச் செய்ததுதான். இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி. 1961 முதல் ஹெரால்டு நம் மெட்ராஸிலேயே தயாரானது. எனவே உங்கள் வண்டி ஸ்பிட்ஃபயருக்குப் பெரியப்பா முறை.

உங்களுக்கு ஒரு வசதியும் உண்டு. ஹெரால்டு பாடி துண்டு துண்டாக போல்ட் போட்டு சேஸில் உட்கார்ந்திருக்கும். போல்ட் கழன்றுவிட்டால் நாலைந்து பேர் சேர்ந்து தூக்கிவிடலாம். கழற்றுவதற்கு முன்பே கதவு இடைவெளி, பானட் இடைவெளி எல்லாவற்றையும் அளந்து எழுதி வையுங்கள். எந்த போல்ட்டின் கீழ் எத்தனை வாஷர் இருந்தது என்பது உட்பட. பாடி இறங்கிய பிறகு சேஸில் முதலில் பார்க்க வேண்டியது பக்கவாட்டில் நீளும் கைகளை, அதாவது அவுட்ரிகர்களை. டிக்கிக்கு அடியில் இருப்பவைதான் முதலில் போகும். பிரிட்டனில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். நல்ல ஆள் கிடைத்தால் இங்கேயே தகடு மடித்துச் செய்யலாம்.

ஒயிட் டவுனிலிருந்து: என் எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் எப்போதும் ஷெட்டில்தான் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று. மழையிலேயே நனையாத வண்டி எப்படித் துருப்பிடிக்கிறது?

மழை தேவையே இல்லை மேடம். உப்பு காற்றிலேயே வருகிறது. அலை உடையும்போது தெறிக்கும் துளி காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத தூளாகத் தகட்டில் உட்கார்ந்துகொள்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிகிறதே, அதே சங்கதிதான். நம் ஊரில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டும். ஆக, உங்கள் வண்டியின் அடிப்பகுதி தினமும் ராத்திரி நனைகிறது.

மழையில் ஓடும் வண்டிக்கு உப்பாவது கழுவிப் போகும். ஷெட்டில் நிற்பதற்கு அதுவும் இல்லை. கடற்கரைச் சாலைக்குப் போய் வந்தால் மறுநாளே அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அப்புறம் தார்ப்பாய் வேண்டாம், அது ஈரத்தைப் பூட்டி வைக்கும். பருத்தித் துணி உறையும், ஓடும் ஒரு ஃபேனும் போதும்.

எம்.ஜி.பி.க்குத் தனிச் சேஸ் கிடையாது என்பதையும் மறக்காதீர்கள். அதன் சில்லில் வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று அடுக்கு உண்டு. வெளியே மட்டும் ஒட்டுப்போட்டுக் கொடுப்பவரிடம் வண்டியை விடவே விடாதீர்கள். வெட்டும் முன் கதவு வாசலில் குறுக்குக் கம்பி வெல்டு செய்து தாங்கல் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை முடிந்த பிறகு கதவு மூடாது.

நெல்லிக்குப்பத்திலிருந்து: அண்ணே, கடையில் விற்கும் ஆசிட் ஊற்றினால் துரு பத்து நிமிஷத்தில் போய்விடுகிறதே?

போகும். அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். தகட்டின் மடிப்பிலும் இரண்டு தகடு சேரும் இடுக்கிலும் அதன் குளோரைடு தங்கிவிடும். கடல் உப்பில் கெடுதல் செய்வதும் அதே குளோரைடுதான். கடல் பத்து வருஷத்தில் செய்வதை நீங்களே ஒரு மதியத்தில் செய்து முடித்துவிடுவீர்கள். ஸ்பிரிங் பட்டையில் ஊற்றினால் எஃகு நொறுங்கும் தன்மைக்கு வந்து, ஓடும்போது உடையலாம்.

உங்கள் ஊர் சர்க்கரை ஆலை 1842லிருந்து ஓடுகிறது. மொலாசஸ் என்றால் உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு பங்கு மொலாசஸுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, சின்னச் சின்ன உதிரிகளை இரண்டு மூன்று வாரம் ஊறப்போட்டால் துரு கழன்று தகடு சாம்பல் நிறத்தில் சுத்தமாக வரும். நாற்றம் தாங்க முடியாது, வீட்டுக்குத் தள்ளி வையுங்கள். அலுமினியம் பாகத்தைப் போடாதீர்கள், தின்றுவிடும். மொலாசஸ் மதுவிலக்குச் சட்டங்களின் கட்டுப்பாட்டில் வரும் பொருள். லாரிக்காரரிடம் குடத்தில் பிடிக்காமல், மாட்டுத்தீவனமாக முறையாக விற்கும் இடத்தில் வாங்குங்கள்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: கடுக்காய்த் தண்ணீர் அடித்தால் துரு கறுத்து நின்றுவிடும் என்கிறார் பாட்டி.

பாட்டி சொல்வது சரி. கடுக்காயின் டானின் துருவோடு சேர்ந்து கருநீலமாக மாறும். பழைய காலத்து மை அப்படித்தான். கடையில் விற்கும் பல துரு மாற்றிகளிலும் இதே டானின்தான். ஆனால் அது உப்பை எடுக்காது, செதில் செதிலாக நிற்கும் துருவுக்குள் இறங்காது. கைபோகாத மூலையில், கழுவிய பிறகு ஒட்டியிருக்கும் மெல்லிய துருவுக்குப் பயன்படுத்தலாம். மேலே பெயின்ட் கட்டாயம்.

வில்லியனூரிலிருந்து: சேஸைப் பிரித்துவிட்டேன். மணல் பிளாஸ்டிங் செய்துதான் பெயின்ட் அடிக்க வேண்டுமா? எந்த வரிசையில் செய்வது?

இதுதான் முக்கியமான கேள்வி, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பிளாஸ்டிங், அதாவது காற்றழுத்தத்தில் துகளைப் பீய்ச்சித் துருவைச் சுரண்டுவது, வேண்டும். ஆனால் மணல் வேண்டாம். கடற்கரை மணலில் உப்பு இருக்கிறது. ஆற்று மணல் என்றாலும் அதன் சிலிக்கா தூசி வேலை செய்பவர் நுரையீரலை அரிக்கும். மணலுக்குப் பதில் கார்னெட் துகளோ காப்பர் ஸ்லாக் என்னும் தாமிரக் கசடோ கேளுங்கள். பாடித் தகட்டில் அடித்தால் நெளியும், சேஸுக்கு மட்டும் போதும்.

பிளாஸ்டிங்குக்கு முன்பே கிரீஸ், எண்ணெய் எல்லாம் போக டிடர்ஜென்ட் போட்டு பிரஷர் வாஷ் செய்யுங்கள். பெட்டிச் சட்டங்களுக்கு உள்ளேயும் தண்ணீர் விடுங்கள், அரைக்கூடை மண் வரும். என்ன தண்ணீர் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கடலோரத்தில் நிறைய வீடுகளின் போர் தண்ணீரே உப்பு. உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரா? தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் மலிவாகக் கிடைக்கும், அதை வைத்துப் பாருங்கள். கடைசிக் கழுவலுக்குக் குடிநீர் கேனோ பிடித்துவைத்த மழைத் தண்ணீரோ போதும்.

பிளாஸ்டிங் முடிந்ததும் சேஸ் வெள்ளி போல இருக்கும். உடனே பிரைமர் அடிக்கத் தோன்றும். அதற்கு முன் பள்ளம் விழுந்த இடங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஊசிமுனை அளவு கரும்புள்ளி பூத்து, தொட்டால் லேசாகப் பிசுக்கென்று இருந்தால் பள்ளத்தின் அடியில் உப்பு மிச்சம் இருக்கிறது. மறுபடி கழுவி, காயவைத்து, மறுபடி பிளாஸ்டிங். செலவுதான், ஆனால் இதற்குத் தப்பிக்கும் வழி கிடையாது. இரண்டே வருஷத்தில் குமிழ் விட்ட சேஸ்களைச் சுரண்டினால் அடியில் பெரும்பாலும் இந்தப் புள்ளிதான் இருக்கும். பெயின்ட் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

சுத்தமான தகட்டுக்கு இரண்டு பகுதி எபாக்ஸி பிரைமர், ஜிங்க் பாஸ்பேட் கலந்தது. அதன் மேல் எபாக்ஸி ஒரு கோட், கடைசியில் பாலியூரித்தேன். எபாக்ஸி வெயிலில் சுண்ணாம்பு போலப் பொரியும், அதனால்தான் மேலே பாலியூரித்தேன். வெறும் ரெட் ஆக்சைடை நம்பாதீர்கள், ஈரம் அதன் வழியே போகும். தகட்டின் சூடு பனிப்புள்ளியைவிட, அதாவது காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட, 3 டிகிரியாவது அதிகமாக இருக்க வேண்டும். விடியற்காலையில் அடித்தால் பனியின் மேல் அடிக்கிறீர்கள். காலை பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து மூன்று மணிக்குள் முடியுங்கள்.

கடலூர் ஓ.டி.யிலிருந்து: படகுக்கு வைக்கிற ஜிங்க் கட்டியை சேஸில் மாட்டினால் துரு வராதுதானே?

படகு தண்ணீரில் மூழ்கி நிற்கிறது, அதனால் வேலை செய்யும். கார் மூழ்குவதில்லை. கட்டி மாட்டிய இடத்தைச் சுற்றி நாலு விரல் அகலம் பாதுகாப்பு கிடைத்தால் அதிகம். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் எலெக்ட்ரானிக் துருத் தடுப்புப் பெட்டிகளுக்கும் இதே பதில்தான்.

பண்ருட்டியிலிருந்து: மரப்படகுக்கு முந்திரிக் கொட்டை எண்ணெய் பூசுவார்கள். சேஸுக்கு அதைப் பூசலாமா?

கச்சா எண்ணெயைப் பூசாதீர்கள். கையில் பட்டால் தோல் வெந்துவிடும் என்று பண்ருட்டிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரும்பில் பூசினால் பிசுபிசுவென்று நின்று தூசியைப் பிடிக்கும். ஆனால் அதே எண்ணெயிலிருந்து எடுக்கும் கார்டனாலை வைத்துத்தான் ஃபீனால்கமின் என்ற எபாக்ஸி ஹார்டனர் செய்கிறார்கள். கப்பல்களுக்கு அடிப்பது அது. ஓரளவு ஈரமான காற்றிலும் இறுகும். கப்பல் பெயின்ட் விற்கும் கடையில் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நம் காற்றுக்குச் சாதாரண கார் எபாக்ஸியைவிட அதுதான் என் தேர்வு.

அரியாங்குப்பத்திலிருந்து: பவுடர் கோட்டிங்?

சக்கரத்துக்குச் சரி. சேஸுக்கு வேண்டாம். ஒரு கல் அடித்து விரிசல் விட்டால் துரு அடியிலேயே ஊர்ந்து போகும், மேலே ஒன்றும் தெரியாது.

மேலும் ஒருவர்: சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்தால்?

லேண்ட் ரோவர் மாதிரி கனத்த சேஸுக்கு நன்றாக இருக்கும். ஆனால் உருகிய துத்தநாகம் சுமார் 450 டிகிரி. ஹெரால்டின் மெல்லிய பெட்டிச் சட்டம் முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. மூடிய பெட்டிக்குக் காற்றோட்டத் துளை போடாமல் முக்கினால் வெடிக்கும். அனுபவம் உள்ள இடமாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

தவளக்குப்பத்திலிருந்து: 2024 ஃபெஞ்சல் புயலில் வண்டி சீட் மட்டம் வரை நின்றது. கழுவிவிட்டோம். வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

வெளியே கழுவியிருப்பீர்கள். உள்ளே? சேஸ் பெட்டிகளின் வடிகால் துளைகளில் கம்பி விட்டுப் பாருங்கள். சேறு அடைத்திருந்தால் இத்தனை நாளும் ஈரம் உள்ளேயே நிற்கிறது. துளையைத் திறந்து, நல்ல தண்ணீர் பாய்ச்சி, காற்றடித்து, இரண்டு நாள் வெயிலில் நிறுத்துங்கள்.

பிறகு நீண்ட குழாய் முனையால் உள்ளே கேவிட்டி வாக்ஸ், அதாவது பெட்டிகளின் உட்புறத்துக்கான துருத் தடுப்பு மெழுகு, அடியுங்கள். நம் வெயிலில் மெல்லிய வாக்ஸ் உருகி வடியும், கெட்டியான ரகம் கேளுங்கள். வடிகால் துளையை மட்டும் மறுபடி திறந்து விடுங்கள். மெழுகையும் மண்ணெண்ணெயையும் அடுப்பில் காய்ச்சிச் செய்யும் வீட்டு வைத்தியம் வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும். தார் மாதிரி அண்டர்கோட்டை மேலே பூசி மூடவும் கூடாது. அது வெடித்து, விரிசலில் தண்ணீரைப் பிடித்து வைக்கும்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: சேஸ் ரொம்ப மோசம். புதிதாக ஒன்று செய்துவிட்டால் ஆர்.சி.யில் பிரச்சினை வருமா?

வரலாம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021இல் விண்டேஜ் பதிவு வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, வணிகத்துக்குப் பயன்படாத வண்டிகளுக்கு அது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், நம்பரில் 'வி.ஏ.' எழுத்துகள் வரும். ஆனால் சேஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்த வண்டிக்குக் கிடையாது. அந்தப் பதிவு பெற்றால் தினசரி ஓட்டவும் முடியாது.

எனவே அரித்த இடத்தை மட்டும் வெட்டி, அதே கனத் தகட்டில் அதே வடிவில் சி.ஓ.டூ. வெல்டிங் செய்யுங்கள். சேஸ் நம்பர் குத்திய பகுதியில் கிரைண்டரோ பிளாஸ்டிங்கோ படவே கூடாது. வேலைக்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வையுங்கள். தொடங்கும் முன்னாலேயே ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிடுவது நல்லது.

முத்தியால்பேட்டையிலிருந்து: அண்ணா, புரட்டாசியில் ஆரம்பித்தால் பொங்கலுக்கு ஓட்டலாமா?

முடியாது தம்பி. ஐப்பசி, கார்த்திகை மழையில் பிளாஸ்டிங் செய்த சேஸ் சாயங்காலத்துக்குள் துருவேறிப் பழுத்துவிடும். அந்த மாதங்களில் பிரிக்கும் வேலை, புஷ் மாற்றுவது, பாகங்களுக்கு ஆர்டர் போடுவது, வெட்டி ஒட்டும் வெல்டிங் எல்லாம் பாருங்கள். பிளாஸ்டிங்கும் பெயின்ட்டும் மாசிக்கு மேல். இரண்டையும் ஒரே நாளில் முடிக்கிற மாதிரி ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பிளாஸ்டிங்காரர் காலையில் வருகிறேன் என்று சொல்லி மதியம் வந்தால், திருப்பி அனுப்பிவிட்டு வேறு நாள் வரச் சொல்லுங்கள்.