மாருதி 800: டைமிங் பெல்ட் மாற்றியபின் வண்டி இழுக்கவில்லை

வணக்கம். டைமிங் பெல்ட்டை (கிராங்க், கேம் என்ற இரண்டு தண்டுகளையும் சேர்த்துச் சுற்றவைக்கும் பல் பெல்ட்) நீங்களே மாற்றியபின் வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இஞ்சின் ஓடும்போது) நடுங்குகிறது, மேட்டில் இழுக்கவில்லை என்கிறீர்கள். பெல்ட் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதைப் பார்க்கும்வரை தயவுசெய்து ஓட்டாதீர்கள்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, வண்டியை நியூட்ரலில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்துவிட்டால் இஞ்சின் கையிலேயே லேசாகச் சுற்றும். கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) புல்லியின் குறி சரியாக நிற்கும்போது கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) குறியும் நேராக இருக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: வெளியே தெரியும் பெரிய கிராங்க் புல்லியைப் பார்த்து பெல்ட்டை வைக்கக் கூடாது. அதைக் கழற்றினால் பின்னால் இருக்கிற சின்னப் பல்சக்கரத்தின் குறிதான் பெல்ட்டுக்கு.

குறி விலகியிருந்தால் டென்ஷனரை (பெல்ட்டை அழுத்தி விறைப்பாக வைக்கும் உருளை) தளர்த்தி, பெல்ட்டை எடுத்து மறுபடி மாட்டுங்கள். டென்ஷனர் இல்லாத பக்கம் பெல்ட் விறைப்பாக இருக்கட்டும், தொய்வெல்லாம் டென்ஷனர் பக்கம் வரட்டும். உடனே போல்ட்டை முறுக்காதீர்கள். கிராங்க்கைக் கடிகாரச் சுற்றில் மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றினால் டென்ஷனர் ஸ்பிரிங் தானே தொய்வை இழுத்துக்கொள்ளும். அப்புறம் இறுக்குங்கள். சுற்றும்போது எங்காவது கெட்டியாகத் தடுத்தால் பலம் போடாமல் நிறுத்திவிடுங்கள்.

இறுக்கியபின் இன்னும் இரண்டு சுற்று சுற்றிக் குறிகளைப் பாருங்கள். அவை சரியாக இருந்தும் நடுக்கம் போகாவிட்டால், டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பாகம்) இடம் மாறியிருக்கிறதா, வேலையின்போது கழன்ற வேக்வம் ஹோஸ் (இஞ்சினின் உறிஞ்சலைக் கடத்தும் ரப்பர் குழாய்) ஏதாவது மாட்டப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.