ஹுமாயூன் கல்லறை: வாசகர் கேள்விகள்

கேள்வி: தாஜ்மகால் பார்க்கப் போகிறோம், டெல்லியில் அரை நாள் கிடைக்கும். ஹுமாயூன் கல்லறைக்குப் போகலாமா? இரண்டும் ஒரே மாதிரிதான் என்கிறார்களே? (வாசகி, திருச்சி)

பதில்: கட்டாயம் போங்கள், அதுவும் தாஜுக்கு முன்னால் போங்கள். தாஜ்மகால் வேலை தொடங்கியது 1632இல், அதற்குச் சுமார் 60 ஆண்டுகளுக்கு முன்பே இது எழும்பிவிட்டது. 1556இல் நூலகப் படிக்கட்டில் தவறி விழுந்து இறந்துபோன முகலாயப் பேரரசர் ஹுமாயூனுக்காக அவர் மனைவி பேகா பேகம் கட்ட வைத்தது. மீரக் மிர்ஸா கியாஸ் என்ற பாரசீகக் கட்டடக் கலைஞர் தொடங்கினார், அவர் இடையில் இறந்துவிட மகன் சையது முகமது முடித்தார். மனைவிக்காகக் கணவன் கட்டியதை உலகமே கொண்டாடுகிறது, கணவனுக்காக மனைவி கட்டியதைப் பற்றி நம் ஊரில் பேச்சே இல்லை, அதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு.

உயர்ந்த மேடை, பெரிய வளைவு வாசல்கள், வெள்ளைப் பளிங்குக் குவிமாடம் எல்லாம் தாஜுக்கு இங்கிருந்து போனவைதான். ஆனால் தாஜ் யமுனைக் கரையோரமாக, தோட்டத்தின் கடைசியில் நிற்கிறது, இது தோட்டத்தின் நட்டநடுவில். நாலாகப் பிரிந்த தோட்டமும் அதற்குள் ஓடும் வாய்க்கால்களும் அழகுக்காக மட்டும் வைத்தவை அல்ல. குர்ஆனில் வரும் சொர்க்கத் தோட்டங்களின் கீழே ஆறுகள் ஓடும், அதற்கேற்ப இங்கே வாய்க்கால் கட்டடத்துக்கு அடியில் போய் மறைந்து, மறுபக்கம் அதே நேர்க்கோட்டில் வெளியே வருவது போல அமைத்திருக்கிறார்கள். மேடையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தால்தான் இது பிடிபடும்.

கேள்வி: மேலே இருக்கிற கல்லறை காலி என்பது உண்மையா? (வாசகர், மதுரை)

பதில்: உண்மைதான். நடுக்கூடத்தில் இருப்பது அடையாளக் கல், உடல் அதற்கு நேர் கீழே மண்ணில். அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள், மேற்குப் பக்கக் கல் பலகணியைப் பாருங்கள். அதில் மிஹ்ராப் வளைவின் உருவம் இருக்கும். பள்ளிவாசலில் மக்கா திசையைக் காட்டும் மிஹ்ராப் மூடிய சுவரில் குடைந்த மாடமாக இருக்கும், இங்கே அதையே திறந்த சாளரமாக்கி, வெளிச்சம் அந்தத் திசையிலிருந்து கல்லறை மேல் விழும்படி செய்துவிட்டார்கள். இந்தக் கட்டடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை இதுதான். கூடத்தைச் சுற்றி எட்டு அறைகள், எட்டு சொர்க்கங்கள் என்ற பாரசீக அமைப்பு. குவிமாடமும் இரட்டை அடுக்கு: வெளி அடுக்கு தூரத்திலிருந்து கம்பீரமாகத் தெரிவதற்கு, உள் அடுக்கு கூடத்தின் உயரத்துக்குப் பொருந்துவதற்கு.

கேள்வி: வாசல் வளைவுக்கு மேலே ஆறுமுனை நட்சத்திரம் எதற்கு? அது யூதர் சின்னம் இல்லையா? (வாசகர், கோவை)

பதில்: யூதர்களுக்கு மட்டும் சொந்தமானது அல்ல. இஸ்லாமியக் கலையில் வெகுகாலமாக இருக்கிறது, நம் முருகனின் சடாட்சர யந்திரத்திலும் அதே அறுகோணம்தான். அப்புறம், உள்ளே நுழைந்ததும் வலது பக்கம் ஷேர் ஷா காலத்துப் பிரபு ஈசா கானின் எண்கோணக் கல்லறை வரும், ஹுமாயூன் கல்லறையைவிடப் பழையது, அதையும் விட்டுவிடாதீர்கள்.