தீயைக் காட்டாமல் தீயைப் பற்றிச் சொல்வது

கேள்வி: நான் மழலையர் வகுப்பு ஆசிரியை. நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் இருபது பேர். வகுப்பில் பெரிய திரையும் இரண்டு டேப்லெட்டும் இருக்கின்றன. தீ பாதுகாப்பு பற்றி ஒரு வீடியோ போட்டேன். அதைப் பார்த்த பையன் ஒருவன் இரண்டு ராத்திரி தூங்கவில்லை என்று அவன் அம்மா வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார். இன்னொரு பெண், "தீ வந்தா நான் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்குவேன் மிஸ்" என்கிறாள். கதையாகச் சொல்லிப் பார்க்கலாமா? அல்லது இந்த வயதுக்கு இதெல்லாம் வேண்டாமா?

பதில்: அந்தச் சின்னப் பெண் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி அதுதான். நிஜமாகவே வீடு தீப்பற்றும்போது சிறு பிள்ளைகள் பலர் இதைத்தான் செய்கிறார்கள். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள், போர்வைக்குள் பதுங்கிக்கொள்கிறார்கள். பயந்தால் ஒளிவது அந்த வயதின் இயல்பு. தீயணைப்பு வீரர் தேடி வந்தாலும், அவர் முகமூடியைப் பார்த்து, மூச்சுக்கருவியின் 'புஸ்... புஸ்...' சத்தத்தைக் கேட்டு, இன்னும் உள்ளே நகர்ந்துவிடுவார்கள். நாம் பயமுறுத்திச் சொல்லிக்கொடுத்தால், நாமே அவர்களைக் கட்டிலுக்கு அடியில் அனுப்புகிறோம் என்றுதான் அர்த்தம். அதற்காகச் சொல்லிக்கொடுக்காமலும் விட முடியாது. தீப்பெட்டி மேல் ஆசை வருவதும் இதே வயதில்தான்.

கதை சொல்லுங்கள். ஆனால் நீங்களே ஆரம்பித்து நீங்களே முடித்துவிடாதீர்கள். ராத்திரிக் கதையும் வேண்டாம், பகலிலேயே நடக்கட்டும். "முயல்குட்டி படம் வரைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. திடீர்னு தீ அலாரம் பீப் பீப்னு கத்துச்சு. அது எங்கே போகும்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கு அதுதான் ரொம்பக் கஷ்டம்! யாராவது ஒரு குழந்தை "ஒளிஞ்சுக்கும்" என்று சொல்லும். தப்பு என்று வெட்டாதீர்கள். "சரி, ஒளிஞ்சுக்கிச்சு. வெளியே அம்மா முயல் குட்டிகளை எண்ணிப் பாக்குது. ஒண்ணு குறையுதே, இப்போ என்ன பண்றது?" என்று அதே கதையை நீட்டுங்கள். கொஞ்ச நேரத்தில் வகுப்பே சேர்ந்து அந்த முயலை வெளியே கூப்பிடும்.

கதைக்கு இருக்கும் பிடிமானத்தைக் குறைத்து எடைபோடாதீர்கள். 1871-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எரிந்தபோது, ஓ'லியரி என்ற பெண்மணியின் மாடு விளக்கை உதைத்ததுதான் காரணம் என்று ஒரு கதை கிளம்பியது. ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் அவர்மேல் பழியில்லை என்று நகர மன்றம் அறிவித்தது 1997-ல்தான். 126 வருஷம் அந்த மாடு உதைத்துக்கொண்டே இருந்தது! ஆகவே சுவாரஸ்யத்துக்காக உங்கள் முயலை ஹீரோ ஆக்கிவிடாதீர்கள். மறந்துவிட்ட பொம்மையை எடுக்க உள்ளே ஓடி வெற்றியோடு திரும்பினால், பிள்ளைகள் மனதில் நிற்பது அந்த ஓட்டம்தான். தீயை அரக்கனாக்குவதும் வேண்டாம். அரக்கன் வந்தால் ஒளியத்தானே தோன்றும்?

பிள்ளைகளின் உடம்பும் கதைக்குள் வர வேண்டும். நான் வகுப்பெடுத்த நாட்களில் ஒரு பழைய சாம்பல் நிறப் போர்வைதான் என் புகை. இரண்டு பேர் ஆளுக்கு ஒரு பக்கம் இடுப்பு உயரத்தில் விரித்துப் பிடித்துக்கொள்வார்கள். மற்றவர்கள் அதற்குக் கீழே தவழ்ந்து கதவு வரை போக வேண்டும். ஒரு பெண் பாதியில் எழுந்துவிட்டாள். துணி உச்சந்தலையில் உரசியதும் சட்டென்று குனிந்து, "டீச்சர், புகை என்னைத் தொட்டுடுச்சு!" என்று கத்தினாள். புகை மேலே போகும், நல்ல காற்று தரையை ஒட்டி இருக்கும் என்று நான் பத்து தடவை சொன்னதைவிட அந்த ஒரு உரசல் அதிகம் சொல்லிக்கொடுத்தது.

'நில், படு, உருள்' சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் கவனம். உருளுவதில் அவர்களுக்கு அவ்வளவு குஷி! அப்புறம், அலாரம் அடித்தால் என்ன செய்வாய் என்று கேட்டாலும் "உருளுவேன்" என்பார்கள். உடுத்திய துணியில் தீப்பிடித்தால் மட்டுமே உருள வேண்டும், மற்ற நேரமெல்லாம் வெளியே போக வேண்டும் என்பதை வேறொரு நாளில், வேறொரு கதையில் பிரித்துச் சொல்லுங்கள்.

இனி உங்கள் டேப்லெட். விரலால் தட்டினால் தீ அணைகிற விளையாட்டு ஏதாவது அதில் இருந்தால் இன்றைக்கே அழித்துவிடுங்கள். தீயைக் கண்டால் கை நீட்டு என்றுதான் அந்த விளையாட்டு நான்கு வயது விரலுக்குப் பழக்குகிறது. மாறாக, பிள்ளைகள் வரைந்த முயல் படங்களைப் போட்டோ எடுத்து வரிசைப்படுத்தி, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குழந்தையின் குரலைப் பதிவு செய்து பெரிய திரையில் ஓட விடுங்கள். தன் குரலைக் கேட்க எத்தனை தடவை வேண்டுமானாலும் அந்தக் கதையைப் பார்ப்பார்கள்.

அதையே பெற்றோருக்கும் அனுப்புங்கள். வீட்டிலிருந்து வெளியேற இரண்டு வழி எவை, வெளியே வந்து எல்லாரும் கூடும் இடம் எது என்று குழந்தையோடு நடந்து பார்த்து, அந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இன்னொன்றும் எழுதுங்கள்: அலாரம் அடித்தாலும் அசையாமல் தூங்கும் பிள்ளைகள் நிறைய. ராத்திரியில் யார் போய்க் குழந்தையை எழுப்புவது என்று பெரியவர்கள் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். தீப்பெட்டியைக் கண்டதாகக் குழந்தை வந்து சொன்னால் திட்டக் கூடாது. திட்டினால் அடுத்த தடவை சொல்லாது.

தூங்காத அந்தப் பையனுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். அலாரம் சத்தத்தை டேப்லெட்டில் பதிவு செய்து, ஒலியை மிகக் குறைத்து வைத்து அவன் கையில் கொடுங்கள். கதையில் பீப் பீப் வரும் இடத்தில் பட்டனை அழுத்துவது அவன் பொறுப்பு. ஒலியைக் கூட்டுவதா வேண்டாமா என்பதையும் அவனே முடிவு செய்யட்டும். முதல் நாள் காதுக்கே எட்டாத அளவுக்கு வைத்தாலும் பரவாயில்லை, மறுநாளும் அவனையே கூப்பிடுங்கள்.