நாக்சோஸில் எந்தக் கரையில் இறங்கலாம்?

கேள்வி: என் மகள் ஜெர்மனியில் நர்ஸ். இந்த ஆகஸ்டில் எங்கள் இரண்டு பேரையும் அங்கே வரச் சொல்லியிருக்கிறாள், ஐந்து நாள் கிரேக்கத்தில் நாக்சோஸ் தீவுக்குக் கூட்டிப் போகிறாளாம். பேரனுக்கு நாலு வயது, எனக்கு முழங்கால் வலி, அவள் அப்பாவுக்கோ கடலைக் கண்டால் இறங்காமல் இருக்க முடியாது. பத்துப் பன்னிரண்டு பீச் பெயரை எழுதி அனுப்பி, "எது வேணும்னு நீயே சொல்லும்மா" என்கிறாள். எதைச் சொல்ல?
– வாசகி, தக்கலை

பதில்: ஆடி மாதம் முட்டத்திலோ சொத்தவிளையிலோ நாலு வயதுப் பிள்ளையைக் கடலில் இறக்குவீர்களா? மாட்டீர்கள். கச்சான் காற்று அடிக்கிற காலம் என்று கரையிலேயே பிடித்து நிறுத்திக்கொள்வீர்கள். அந்தத் தீவுக்கும் அதே கணக்குதான், காற்றின் திசை மட்டும் வேறு.

ஜூலை, ஆகஸ்டில், கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடுவே கிடக்கிற ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து மெல்டெமி என்றொரு காற்று வீசும். மழை கிடையாது, மேகமும் கிடையாது, பளிச்சென்ற நீல வானத்தின் கீழே காற்று மட்டும் பிய்த்துக்கொண்டு அடிக்கும். பால்கன் பக்கம் காற்றழுத்தம் கூடியும் துருக்கிப் பக்கம் குறைந்தும் கிடப்பதால் வருவது அது. துருக்கிப் பக்கத்துத் தாழ்வழுத்தம், நம் தென்மேற்குப் பருவக்காற்றை இழுத்து வருகிற ஆசியத் தாழ்வழுத்தத்தின் மேற்குக் கோடி. முப்பந்தலில் காற்றாலைகள் ஓயாமல் சுற்றுகிற மாதங்களில் அங்கேயும் காற்று ஓயாமல் அடிப்பதற்கு இந்த உறவுதான் காரணம் என்று தெரிந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அதனால் படத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம், படத்தில் எல்லாக் கரையும் அழகாகத்தான் இருக்கும். நாக்சோஸின் பேர்பெற்ற மணல் கரைகள் தீவின் மேற்குப் பக்கம், வடக்கிலிருந்து தெற்காக ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கின்றன. உங்கள் குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது ஆகியோஸ் ஜார்ஜியோஸ். துறைமுக ஊரான கோராவை ஒட்டியே இருக்கிறது, அறையிலிருந்து நடந்தே போய்விடலாம், பஸ் ஏறி இறங்குகிற பாடு உங்கள் முழங்காலுக்கு வேண்டாம். ஊரை ஒட்டின பக்கம் தண்ணீர் ரொம்ப தூரத்துக்கு இடுப்பளவைத் தாண்டாது, பேரன் அதில் நாள் முழுக்கக் கிடப்பான். தெற்கே போகப் போகக் காற்று பிடிக்கும், அங்கே பாய் கட்டின பலகையில் விளையாடுகிறவர்கள் இருப்பார்கள், பிள்ளையை அந்தப் பக்கம் விடாதீர்கள். கூட்டம் இருக்கத்தான் செய்யும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டுக்காரருக்கு நீந்த வேண்டும் என்றால் ஆகியோஸ் புரோகோபியோஸ். ஸ்டெலிடா என்ற குன்று வடக்கே மறைப்பாக நிற்பதால் மெல்டெமி நாளிலும் ஓரளவு அமைதியாக இருக்கும். ஆனால் மணல் பருக்கையானது, கால் புதையும், ஆழமும் சீக்கிரம் வந்துவிடும், அதனால் நீந்தத் தெரிந்தவருக்குத்தான் அது. அடுத்தது ஆகியா அன்னா, அதற்கும் அடுத்து பிளாகா, சுமார் 4 கிலோமீட்டர் நீளம். கோராவிலிருந்து இந்த மூன்றுக்கும் பஸ் போகிறது. காற்றில்லாத நாளில் பிளாகாவில் சாயங்காலம் உட்காருங்கள், எதிரே பாரோஸ் தீவு தெரியும், ஆகஸ்டில் சூரியன் இறங்கவே எட்டு மணி வாக்கில் ஆகிவிடும். பிளாகாவின் தென்பகுதியிலும், இன்னும் தெற்கே அலிக்கோ பக்கமும் துணியில்லாமல் குளிக்கிற வழக்கம் உண்டு, குடும்பத்தோடு போகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. மிக்ரி விக்லாவை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம், அது காற்றைத் தேடியே வருகிறவர்களின் கரை.

நேரமும் முக்கியம். பெரும்பாலும் காலையில் காற்று தணிந்திருக்கும், மதியத்துக்கு மேல்தான் பலக்கும். எட்டு மணிக்கே இறங்கிப் பதினொன்றுக்குள் குளித்து ஏறிவிடுங்கள், மதியம் பேரனைத் தூங்க வைத்துவிட்டு நீங்களும் காலை நீட்டுங்கள். தண்ணீர் நம் கடலைவிடக் குளிரும், முதல் நிமிடம் உடம்பு சிலிர்க்கும், அப்புறம் பழகிவிடும். உப்பு நம் கடலைவிட அதிகம், அதனால் உடம்பு லேசாக மிதக்கும், முழங்காலுக்கு அது சுகம். பாறை இருக்கிற இடத்தில் மிதித்தால் காலில் முள் தைக்கிற கடல் முள்ளெலி கிடக்கும், எல்லோருக்கும் ரப்பர் செருப்பு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் வீட்டுக்காரரிடம் அழுத்திச் சொல்லுங்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கள்ளக்கடல், அதாவது சொல்லாமல் திடீரென்று பொங்கி வரும் அலை, கொண்டுபோனது, இன்னும் நெஞ்சை விட்டுப் போகவில்லை. கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் வேறு ஊர்க் கடலின் குணம் தெரியாது. சிவப்புக் கொடி கட்டியிருந்தால் இறங்கக் கூடாது, கொடி இல்லாத கரையில் ஆள் இல்லாத இடத்தில் தனியாக நீந்தவும் கூடாது.

குடைக்கும் சாய்வு நாற்காலிக்கும் காசு கேட்பார்கள், பிடிக்காவிட்டால் துண்டை விரித்து உட்காருங்கள், அங்கே கடற்கரை பொதுச் சொத்து. நாற்காலிகள் கரையை அடைத்துக்கொண்டதற்கு எதிராக 2023-ல் பாரோஸ் மக்கள் துண்டோடு வந்து போராடினார்கள், அடுத்த ஆண்டே அரசு சட்டத்தை இறுக்கியது. எனக்கு மிகவும் பிடித்த செய்தி அது.

திரும்புகிற நாளுக்கு ஒரு நாள் இடைவெளி வைக்கச் சொல்லுங்கள். காற்று பலத்தால் விவேகானந்தர் பாறைக்குப் படகை நிறுத்துகிற மாதிரி அங்கேயும் கப்பலை நிறுத்திவிடுவார்கள். ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்துக்கு சாதாரணக் கப்பலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். விமானம் பிடிக்க வேண்டிய அன்றைக்கே தீவிலிருந்து கிளம்புவது ஆபத்து.

கேள்வி: கிரேக்கம் என்றால் சாண்டோரினிதானே? நல்ல பீச்சும் அங்கேதானே இருக்கும்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: படங்களில் வருகிற வெள்ளை வீடுகள் செங்குத்தான பாறை உச்சியில் இருப்பவை, அதன் கீழே மணல் கரை கிடையாது. குளிக்கிற கரைகள் தீவின் மறுபக்கம், பெரிசாவும் கமாரியும். இரண்டும் எரிமலை தந்த கறுப்பு மணல். மணவாளக்குறிச்சிக் கறுப்பு மணலைப் பார்த்து வளர்ந்த நமக்கு நிறம் புதிதில்லை, அங்கே வெயிலில் அது எப்படிச் சுடும் என்றும் சொல்லித் தர வேண்டியதில்லை. அக்ரோதிரி பக்கம் இருக்கிற சிவப்புக் கரையில் பாறை சரிகிற ஆபத்து உண்டு, எட்ட நின்று பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். எரிமலைக்காகவும் ஊருக்காகவும் இரண்டு நாள் சாண்டோரினி போங்கள், குளிக்க நாக்சோஸுக்குக் கப்பல் ஏறுங்கள்.